எல்லை கடந்த குழாய்

வரப்புப் பூசலால் பேச்சற்றுப்போன உழவரும் பொது வாய்க்காலை மறிப்பதில்லை. நாடுகளும் அவ்வாறு ஒழுகலாம் என்பதற்கு அல்ஜீரியாவும் மொரோக்கோவும் நெடுநாள் சான்றாக நின்றன.

அண்டை நாடுகளாகிய இவை மேற்குச் சகாராவைக் குறித்து 1975 முதல் பிணங்கி நிற்பவை. 1994ஆம் ஆண்டில் இவற்றின் தரையெல்லை அடைபட்டது. ஆயினும், 1996இல் அவ்வெல்லையைக் கடந்தே இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்று இயங்கத் தொடங்கிற்று. அல்ஜீரியப் பாலைநிலத்தில் புறப்பட்டு, மொரோக்கோ வழியே சென்று, ஜிப்ரால்டர் நீரிணையின் அடியில் புகுந்து, அஃது ஸ்பெயினை அடைந்தது. அல்ஜீரியாவுக்கு வாணிகம் பெருகியது. வழிவிட்ட மொரோக்கோவும் எரிவாயு பெற்றது. அதனால் இரண்டு மின்நிலையங்கள் இயங்கின.

2021 ஆகஸ்டில் அல்ஜீரியா தூதுறவை முறித்தது. அக்டோபர் 31ஆம் நாள் முடிவுற்ற ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குழாய் வறண்டது, மின்நிலையங்கள் நின்றன. ஸ்பெயினுக்குச் செல்லும் இரு குழாய்வழிகளுள் ஒன்றை அல்ஜீரியாவும் இழந்தது. 2022 ஜூன் முதல் மொரோக்கோ, தொலைநாடுகளில் வாங்கிய எரிவாயுவை ஸ்பெயினிலிருந்து அதே குழாயில் எதிர்த்திசையாகப் பெறலாயிற்று. அடுத்த வீட்டில் உள்ளதைக் கடல் கடந்து பெறும் நிலை வந்தது!

தன் பொருளைத் தருவதும் மறுப்பதும் உடையவன் உரிமை என்பர் சிலர். அது மெய்யே. ஆயினும், உரிமையுள்ள செயல் யாவும் நன்மை பயப்பன அல்ல. வழக்கைப் பேசித் தீர்க்கலாம்; அதுவரை இருவர்க்கும் பயன்தரும் பொதுப்பொருளைக் காத்தலே அறிவுடைமை. பகையின் நடுவிலும் அஃது இயலும் என்பதை அக்குழாயே 25 ஆண்டுகள் மெய்ப்பித்தது அன்றோ?