விசிலோடு திரும்பி வருகிறவர்கள்



மணிப்பூரில் ஒரு சிறுமி, பையன்களோடு பந்து ஆடுவதற்காகத் தன் பெயரையே மாற்றிச் சொல்லிக்கொண்டாள். போபோ என்பாள், இன்னொரு இடத்தில் அம்கோ என்பாள். பெண் என்று தெரிந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே! 1980-இல் இம்பாலில் பிறந்த அந்தச் சிறுமிதான் ஓய்னாம் பெம்பெம் தேவி. 1995-இல், 15 வயதில், குவாம் அணிக்கு எதிராக இந்தியாவுக்காக முதன்முதலில் இறங்கினார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் இந்திய அணியின் நடுக்களம் அவர் காலில்தான் இருந்தது.

இம்பால் கதை நம் வடசென்னைச் சாத்தாங்காட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இரும்பு மார்க்கெட் டிரெய்லர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கால்பந்து புதிதில்லை. பக்கத்து வியாசர்பாடியில் அது வீட்டு விளையாட்டு மாதிரி. பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். பள்ளியில் ஆடுகிறார்கள், கல்லூரி அணிக்கும் போகிறார்கள். டிகிரி முடிந்ததும் ஷூ பரணுக்குப் போய்விடுகிறது. கல்யாணம், வேலை, வீடு என்று காரணங்கள் வரிசையாக வரும். எனக்கு முதல் காரணமாகப் படுவது வேறு. ஆடி முடித்த ஒரு பெண், அதே கிரவுண்டில் பயிற்சியாளராக நின்று சம்பளம் வாங்குவதை நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

பெம்பெம் விஷயத்துக்கே வருகிறேன். மணிப்பூர் போலீஸ் வேலை அவரைக் காப்பாற்றியது. ஆட்டம் மட்டும் சோறு போட்டிருக்காது. 2010-இல் டாக்காவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 2014-இல் மாலத்தீவின் நியூ ரேடியண்ட் கிளப்புக்குப் போய் ஆடினார். 2016-இல் ஷில்லாங்கில் மீண்டும் தெற்காசியத் தங்கம் வாங்கிய கையோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டே, முதல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் அணியின் பொறுப்பு அவரிடம் இருந்தது. 2017-இல் அர்ஜுனா, 2020-இல் பத்மஸ்ரீ. அவருக்கு முன் அர்ஜுனா பெற்ற கால்பந்து வீராங்கனை ஒரே ஒருவர், 1983-இல் சாந்தி மல்லிக். நடுவில் 34 ஆண்டுகள்! இதை அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

கோவாவின் மேமோல் ராக்கியும் இப்படித்தான். இந்தியாவுக்காக ஆடியவர், 2017-இல் இந்தியப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அந்த நாற்காலியில் அதற்கு முன் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

நம் ஊரும் லேசுப்பட்டதல்ல. 2018-இல் கட்டாக்கில் அதே மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும். 2019-இல் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றபோது அதன் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடிக்கொண்டே தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ.யாகவும் பணியாற்றியவர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் காவல் நின்றவர் அவர். இவர்கள் நாளை ஆட்டத்தை நிறுத்தும்போது நாம் அவர்களை எங்கே வைக்கப்போகிறோம்?

பயிற்சி என்பது விசில் ஊதுவது மட்டுமில்லை. முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஓடி வந்து திடீரென நிற்பது, திரும்புவது, குதித்து இறங்குவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தால் பெருமளவு தடுக்கலாம். ஃபிஃபா இதற்கென்றே இருபது நிமிட வார்ம்-அப் ஒன்றை வைத்திருக்கிறது. பந்தும் கொஞ்சம் இடமும் போதும். மாதவிடாய் நாளில் ஒரு பெண் வாய் திறந்து சொல்ல, எதிரே நிற்பவர் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். நல்ல ஆண் பயிற்சியாளர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனாலும் தானே ஆடி, விழுந்து, எழுந்த ஒரு அக்கா நின்றால் அந்தப் பேச்சுக்குத் தயக்கமே வராது.

அந்த அக்காவுக்குச் சம்பளம் யார் தருவது? அமெரிக்காவில் 1972-இல் வந்த ஒரு சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. கல்லூரிகள் பெண்கள் அணிகளை வளர்த்தன. அணிகளுக்குச் சம்பளப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். 1991-இல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ், அப்போது வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். 2015, 2019 கோப்பைகளை வென்ற ஜில் எல்லிஸும் கல்லூரிக் கிரவுண்டிலிருந்து வந்தவர்தான். இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் கபடிக்கும் கோ-கோவுக்கும் கால்பந்துக்கும் சேர்த்து உடற்கல்வி இயக்குநர் ஒருவரே. பாவம், அவர் எத்தனை பந்தைத்தான் துரத்துவார்?

அடுத்த சில இதழ்களில் நம் பகுதியில் ஆடிய பெண்களைப் பற்றி எழுதப்போகிறோம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எங்கே ஆடியிருந்தாலும் எழுதுங்கள். அத்தையோ சித்தியோ ஆடியிருந்தால் அவர்களைக் கேட்டு எழுதுங்கள். எந்த நிலையில் ஆடினார்கள், எந்த வயதில் நிறுத்தினார்கள், பயிற்சியாளராக இப்போது கூப்பிட்டால் வருவார்களா என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். பழைய அணிப் புகைப்படம் இருந்தால் அனுப்பலாம், அச்சானதும் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்