சாவி டிரைவர் கையில்... ரிமோட் ஓனர் கையில்! லாரித் தொழிலில் ஓயாத இழுபறி

வேப்பூர்:
சென்னை-திருச்சி நான்கு வழிச்சாலையில் செங்குறிச்சி, திருமாந்துறை டோல்கேட்டுகளுக்கு நடுவே உள்ளது வேப்பூர். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் ஏற்றும் லாரிகளும் வேப்பூர் கூட்டுரோடு வந்து இந்த சாலையைப் பிடிப்பதுண்டு. நள்ளிரவில் கண்ணைக் கட்டுதே என்று டீக்கடை ஓரம் வண்டியை ஒதுக்கினால் போதும், டிரைவருக்கு செல்போன் அடிக்கும். வண்டி ஏன் நிற்குது என்று ஓனர் கேட்பார். எல்லாம் ஜி.பி.எஸ். செய்யும் வேலை.

முன்பெல்லாம் டிரிப் அட்வான்ஸ் டிரைவர் கையில் இருக்கும். டீசல், டோல், சாப்பாடு எல்லாம் அதில்தான். எங்கே நிற்பது, எப்போ கிளம்புவது என்பதும் அவர் இஷ்டம். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதும் டோல் காசு கையை விட்டுப் போனது. பல இடங்களில் டீசலுக்கும் கார்டு வந்துவிட்டது.

ஓனர்களைக் குறை சொல்லவும் முடியாது. டேங்கில் டீசல் குறையும், வழியில் கணக்கில் வராத லோடு ஏறும். லாரி நின்றாலும் பைனான்ஸ் டியூ நிற்காது. ஒரு டிரைவர் செய்யும் தப்புக்கு ஒன்பது பேர் மேல் சந்தேகம் விழுகிறது என்பதும் உண்மை.

ஆனால் அதிகாரம் கைமாறிய அளவுக்கு பொறுப்பு கைமாறவில்லையே! நேஷனல் பெர்மிட் லாரிக்கு 2 டிரைவர் வேண்டும் என்ற விதி 2018-ல் நீக்கப்பட்டது. இப்போ பல வண்டிகளில் கிளீனர் கூட கிடையாது. ஒரே ஆள்தான் ஓட்டணும், தார்ப்பாய் கட்டணும், ராத்திரி வண்டிக்குக் காவலும் இருக்கணும். ஓவர்லோடுக்கு 2019 சட்டத் திருத்தப்படி 20 ஆயிரம் ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2 ஆயிரம். லோடு ஏற்றச் சொன்னவர் ஊரில் இருப்பார், சோதனையில் மாட்டுவது டிரைவர்.

விபத்து நடந்து தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் வரை ஜெயில் என்ற புது சட்டப்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வடமாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்க்குகளில் கூட்டம் அலைமோதியது. அந்த ஜூலையில் மற்ற பிரிவுகள் அமலானபோது இதை மட்டும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது.

வேலை நேரம் 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் போட்டாச்சு. அதுவும் 5 பேருக்குக் குறையாமல் வேலை பார்த்த இடத்துக்குத்தான் பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர் அதில் வரவே இல்லை. கடந்த 2025 நவம்பரில் வந்த புதிய தொழிலாளர் தொகுப்பும் 8 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. ரோட்டில் எண்ணிப் பார்ப்பவர் யார்?

எண்ணிப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. வண்டி எங்கே நிற்குது என்று காட்டும் அதே ஜி.பி.எஸ்., எத்தனை மணி நேரமாக ஓடுது என்பதையும் காட்டும். ஓனர் போனில் அதுவும் தெரியும். 12 மணி நேரம் தாண்டி ஓடுதே, படுத்துட்டு வா என்று அடிக்கும் போன் தான் அபூர்வம். பீங்கான் லோடில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பிரேக் அடித்தால் பெட்டி பெட்டியாக நொறுங்கும். அந்த நஷ்டம் யார் கணக்கில் என்று லோடு ஏறும்போதே பேசிக்கொள்வதும் கிடையாது.