எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பகுதிகளின் கரிசல் நிலத்தில் யாருக்கும் ஓய்வு கிடையாது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் என்று அவரவர் வசதிக்கேற்ப விதைத்தாக வேண்டும். வானம் பார்த்த பூமி. ஒரு வாரம் தவறினால் ஒரு பட்டமே தவறிப் போகும். அந்த நேரத்தில் மடியில் இருக்கும் செல்போன் அடிக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு எடுத்தால், 'உங்களுக்குக் கடன் தயாராக இருக்கிறது' என்கிறது முன்பின் அறியாத ஒரு குரல். சற்று நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. 'உங்கள் பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டது. கீழே உள்ளதைத் தொட்டுப் புதுப்பித்துக் கொள்ளுங்கள்' என்கிறது அது.

ஏரல், ஸ்ரீவைகுண்டம் வாழை விவசாயிக்கும், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்காரருக்கும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கும், கடலுக்குப் போய்த் திரும்பும் மீனவருக்கும் இதே தொல்லைதான். இதனால் வரும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை எப்படிக் காட்டுவது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

அழைத்தவரைத் திருப்பி அழைத்துத் திட்டுகிறார்கள் சிலர். அந்த எண்ணை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'எல்லோரும் கூப்பிட்டு ஒரு கை பாருங்கள்' என்று தூண்டுகிறார்கள் வேறு சிலர். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, வரும் செய்திகளை எல்லாம் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள் இன்னும் சிலர். இம்மூன்றும் விவசாயிக்கு நன்மை தருவன அல்ல.

பழிக்குப் பழி வாங்கியவர்கள் கண்ட பலன்

இந்தத் தொல்லைக்கு வயது அரை நூற்றாண்டை நெருங்குகிறது. 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், அன்றைய கணினி வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்குக் கேட்காமலே விளம்பரம் அனுப்பினார். இப்படிப்பட்ட செய்திகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுதான். அன்று முதல், 'அனுப்புகிறவனைத் திருப்பி அடித்தால் என்ன?' என்று நினைத்தவர்களும் உண்டு.

2004 இறுதியில் லைகோஸ் ஐரோப்பா என்ற நிறுவனம் ஒரு சிறு மென்பொருளை வெளியிட்டது. கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அது தொல்லை விளம்பரக்காரர்களின் இணையதளங்களுக்கு ஓயாமல் வேண்டுகோள் அனுப்பி, அவர்களுக்குச் செலவு வைக்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை ஆர்வத்தோடு இறக்கிக்கொண்டார்கள். ஆனால், தாக்குதலைத் தாக்குதலால் தடுப்பது முறையா என்ற கண்டனம் எழுந்தது. சில நாட்களிலேயே அந்த நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

இஸ்ரேலில் புளூ செக்யூரிட்டி என்ற நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. தொல்லை மின்னஞ்சல் ஒன்று வந்தால் அதற்குப் பதிலாக ஒரு புகார் அனுப்பப்படும். சுமார் 5 லட்சம் பேர் இதில் சேர்ந்தார்கள். லட்சக்கணக்கான புகார்கள் ஒரே இடத்தில் குவியவே, பெரிய விளம்பரக்காரர்கள் சிலர் பணிந்தும் வந்தார்கள். 2006 மே மாதம் ஒருவன் மட்டும் பணிய மறுத்தான். ஆயிரக்கணக்கான கணினிகளைக் களவாகத் தன்வசப்படுத்தி, அந்த நிறுவனத்தின் இணையதளத்தையே முடக்கினான். நிறுவனத்தார் தங்களுக்கு வந்த வரத்தை வேறொரு தளத்தின் பக்கம் திருப்பிவிட, சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேருடைய தளங்களும் சேர்ந்து முடங்கின. இரண்டு வாரத்துக்குள் புளூ செக்யூரிட்டி கடையைக் கட்டியது.

பருத்தி விவசாயிகளுக்கு இது புதிய பாடம் அன்று. 1980-களில் காய்ப்புழுவை ஒழித்துவிடலாம் என்று செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அளவின்றி அடித்தார்கள். புழு ஒழியவில்லை. அதைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் மடிந்தன. வெள்ளை ஈ பெருகியது. கோபத்தில் அடிக்கும் மருந்து குறி பார்த்து விழுவதில்லை.

அடுத்த வயலில் விழும் மருந்து

செல்போனில் தெரியும் எண் மோசடிக்காரனுடையதுதான் என்பதற்கு உறுதி இல்லை. ஏழை எளியவர்களின் ஆதார் நகலைக் கொண்டு, அவர்கள் அறியாமலே வாங்கிய சிம் கார்டாக அது இருக்கலாம். வேறொருவருடைய எண் தெரியும்படி செய்த போலி அழைப்பாகவும் இருக்கலாம். அந்த எண்ணை ஊர் முழுக்கப் பரப்பினால், வசவு வாங்குகிறவர் இன்னொரு ஊரில் களை எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு விவசாயியாகவே இருக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு சந்தேகப்பட்ட கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களில் பலர் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். விசாரிக்காமல் தண்டிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

'காவல்துறைக்குப் போனாலும் ஒன்றும் நடப்பதில்லையே' என்று இளைஞர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜிம் பிரௌனிங் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் பிரிட்டனில் இருந்துகொண்டே, டில்லிக்கு அருகில் குருகிராமில் நடந்த ஒரு மோசடி அழைப்பு மையத்தின் கண்காணிப்புக் கேமராக்களுக்குள் புகுந்து படம் பிடித்தார். 2020-ல் பி.பி.சி. தொலைக்காட்சி அதை ஒளிபரப்பிய பிறகு போலீசார் அந்த மையத்தில் சோதனை நடத்தினார்கள். பலன் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவ்வளவு கைதேர்ந்தவரையே 2021 ஜூலையில் ஒரு மோசடிக்காரன் யூடியூப் ஊழியர் போல் நடித்து ஏமாற்றி, அவருடைய சேனலை அவர் கையாலேயே அழிக்க வைத்தான். அவருக்கே அந்தக் கதி என்றால், பாம்புப் புற்றில் கை விடுவது மற்றவர்களுக்கு உகந்த வேலையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

திட்டுவதாலும் பலன் இல்லை. பல்லாயிரம் பேரில் ஒருவர் சிக்கினாலே மோசடிக்காரனுக்கு லாபம். திருப்பி அழைக்கிறவர், தம் எண் புழக்கத்தில் இருக்கிறது என்பதையும் தாமே அவனுக்குத் தெரியப்படுத்திவிடுகிறார்.

ஊர் கூடி எலி பிடிப்பது போல

நெல் வயலில் ஒருவர் மட்டும் எலிக்கு மருந்து வைத்தால் பயன் இல்லை. அடுத்த வரப்பிலிருந்து எலி வந்து குடியேறும். ஆயக்கட்டு முழுவதும் ஒரே நேரத்தில் வைத்தால்தான் எலி அடங்கும். தொல்லை அழைப்புக்கும் மருந்து இதுதான்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2025 பிப்ரவரியில் தன் விதிகளைத் திருத்தியது. பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யும் ஓர் எண் மீது 10 நாட்களில் 5 புகார்கள் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது இன்றைய விதி. முன்பு 7 நாட்களில் 10 புகார்கள் வேண்டியிருந்தது. முதல் தவறுக்கு வெளியே பேசும் வசதி 15 நாட்களுக்கு நிறுத்தப்படும். மீண்டும் செய்தால் எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஒரே எண்ணிலிருந்து தொல்லைக்கு ஆளான ஐந்து விவசாயிகள் தனித்தனியே புகார் செய்தால் போதும். ஐம்பது பேர் திட்டுவதால் நடக்காத காரியம் இதனால் நடக்கும்.

எந்தத் தொல்லைக்கு எங்கே புகார் செய்வது என்பதை விவசாயப் பெருமக்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. வேண்டாத விளம்பரம் என்றால் 1909 என்ற எண். வந்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்ற விவரத்துடன் 7 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். விளம்பரங்களுக்கு முழுத் தடை கேட்டும் இதே எண்ணில் பதிவு செய்யலாம். தடை கேட்டாலும் வங்கிக் கணக்கு பற்றிய செய்தியும் அரசின் செய்தியும் நிற்காது.

2. ஏமாற்ற முயன்றான், ஆனால் பணம் போகவில்லை என்றால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் தெரிவிக்கலாம். 2024 மார்ச்சில் இது தொடங்கப்பட்டது. தம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதையும் அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

3. பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்கு முன் சொன்னால்தான் அதை முடக்க முடியும். ஆனைக்கொம்பன் ஈயைப் போல, அறிகுறி தெரிந்த பிறகு காத்திருந்தால் பயன் இல்லை.

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வருகிறது. இதையே தூண்டிலாக்கி வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே.' என்று முடியும் ஒரு கோப்பை அனுப்புகிறார்கள். அதைத் தொட்டு நிறுவினால் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்களை அது தானே படித்து மோசடிக்காரனுக்கு அனுப்பிவிடும். தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு இதைப் பற்றி 2024-ல் எச்சரித்திருக்கிறது. தவணை பற்றிச் சந்தேகம் இருந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேட்பதே நல்லது. 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் கட்டணமின்றிக் கேட்கவும் வசதி உண்டு.

சுமை விவசாயியின் தலையில் மட்டுமா?

இத்தனையையும் விவசாயியே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அரசும் தொலைபேசி நிறுவனங்களும் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. பொத்தான் செல்போன் வைத்திருக்கும் ஒருவரிடம் இணையதளத்தில் போய்ப் புகார் செய் என்பது, கிணறு இல்லாதவரிடம் மோட்டார் போடச் சொல்வது போன்றது. ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் ஒரு புகார் நோட்டு வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை, எழுதியவர்களை வைத்துக்கொண்டே ஊழியர் ஒருவர் அந்தப் புகார்களைப் பதிவு செய்துகொடுக்க வேண்டும். புகாரின் முடிவைத் தமிழில் தெரிவிக்க வேண்டும். செலவு அதிகம் பிடிக்காத காரியம் இது. சங்கத்துக்கு உரத்துக்கும் கடனுக்கும் வருகிறவர்கள் இதற்கும் வருவார்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் நீரில் மூழ்கின. அப்படி ஒரு நாள் மறுபடியும் வரும்போது, எச்சரிக்கை அதே செல்போனில்தான் வர வேண்டும். படைப்புழு பற்றிய அறிவிப்பும், கடல் கொந்தளிப்புச் செய்தியும் வருவது அதே வழியில்தான். அரசு அனுப்பும் குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். விளம்பரத்துக்கு 'பி' இருக்கும். இதைப் பார்த்துப் பிரிக்கப் பழகிக்கொண்டால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டிய தேவை இராது.

இந்தக் கடற்கரையில் 1961-ல்தான் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்தில் முதலில் பாரைச் சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள். கண்ட இடத்தில் குதிக்கவும் இல்லை. கடலே வேண்டாம் என்று கரையில் உட்கார்ந்துவிடவும் இல்லை. செல்போன் விஷயத்திலும் அந்த நிதானம்தான் விவசாயிக்குக் கைகொடுக்கும்.