குளிர்ப்பெட்டியின் சாட்சியம்

1882-ம் வருஷத்தில் நியூஜீலந்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியை முதன்முதலாக லண்டனுக்கு ஏற்றிச் சென்ற ‘டனீடின்’ என்னும் பாய்க்கப்பல், 98 நாள் கடலில் சென்றது. வெப்ப மண்டலத்தில் குளிர்காற்று சரக்கறையில் சரிவரப் பரவாததைக் கண்ட கப்பல் தலைவர், தாமே காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து சென்று துவாரமிட்டார். குளிரில் விறைத்துப் போன அவரைக் காலில் கயிறு கட்டி வெளியே இழுக்க வேண்டியதாயிற்று.

இன்று அந்த அவஸ்தை இல்லை. குளிர்சாதனக் கண்டெய்னரில் பொருத்திய கருவி, உள்ளே செல்லும் காற்றின் உஷ்ணத்தையும் திரும்பும் காற்றின் உஷ்ணத்தையும் குறித்துச் செயற்கைக்கோள் மூலம் கரைக்கு அனுப்புகிறது. நடுக்கடலில் நேரும் கோளாறு கம்பெனியின் காரியாலயத்தில் உடனே தெரிகிறது. சரக்குக்கு உடையவனுக்குத் தெரிகிறதா என்பதே நமது கேள்வி.

தேனி ஜில்லாவின் வாழைக்காய் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அது 13, 14 டிகிரி சென்டிகிரேடில் பிரயாணம் செய்ய வேண்டும். குளிர் மிகுந்தால் தோல் கருத்துப் பழுக்கும் தன்மையே கெடும். உஷ்ணம் மிகுந்தாலோ வழியிலேயே பழுத்துவிடும். அக்கரையில் வாங்குவோர் சரக்கை மறுத்தால், காய் ஏற்றும்போதே முற்றியிருந்தது என்று கப்பல்காரர் சொல்லுவார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். சூட்டோடு ஏற்றிய காயைக் குளிர்விப்பது கண்டெய்னரின் வேலையன்று. கருவி அளப்பதும் காற்றையே, காயின் உள்ளுஷ்ணத்தையன்று. ஆயினும் வழக்கின் தலைசிறந்த ருஜு அந்தப் பதிவேயாகும். அதுவோ பிரதிவாதியின் பெட்டியில் இருக்கிறது!

டென்மார்க் தேசத்து மேர்ஸ்க் கம்பெனி 2017-ல் இவ்விவரத்தை வாடிக்கைக்காரருக்குத் திறந்துவிட்டதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அது கம்பெனி மனமுவந்து அளித்த சௌகரியமேயன்றிச் சட்டம் அளித்த உரிமையன்று. 1906-ல் சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட நாட்டில், ஏற்றுமதிச் சரக்கின் பெரும்பகுதி இன்றும் அந்நியக் கப்பல்களிலேயே போகிறது. அவர்களுடைய தயவை நம்பி நமது குடியானவன் எத்தனை நாள் இருப்பது?

அந்நிய ஆட்சியில் இயற்றிய 1925-ம் வருஷத்துக் கடல்வழிச் சரக்குச் சட்டத்தை நீக்கிப் பார்லிமெண்டு 2025-ல் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நஷ்டம் நேர்ந்தால் சரக்கைப் பார்வையிட இரு கட்சியாரும் ஒருவருக்கொருவர் வசதி செய்து தர வேண்டும் என்ற பழைய விதி அதன் அட்டவணையிலும் உண்டு. உஷ்ணப் பதிவைப் பற்றி அவ்விதியில் பேச்சே இல்லை. வழக்காடிப் பதிவை வரவழைக்கலாமே என்பர். ஒரு கண்டெய்னர் வாழைக்காய்க்காக எந்த விவசாயி நியாயஸ்தலத்தின் படியேறுவான்? வழக்குத் தொடரும் காலவரையறையோ ஒரே வருஷம்.

அட்டவணையை அறிவிப்பின் மூலமே திருத்தும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்குச் சட்டம் அளித்திருக்கிறது. ஆதலால் புதிய மசோதா வேண்டியதில்லை. இந்தியத் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு குளிர்ப்பெட்டியின் முழுப் பதிவையும், சரக்குக்கு உடையவன் கேட்டவுடன் கட்டணமின்றித் தர வேண்டும் என்று சர்க்கார் விதி செய்யட்டும். அந்த ஒரு வருஷம் முடியும் வரையில் பதிவை அழிக்கலாகாது என்பதையும் அதிலேயே சேர்க்க வேண்டும்.