அத்தையின் தைராய்டும் கொரியா கணக்கும்



போன மாசம் அத்தைக்கு ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று வந்தது. உடம்பு இளைத்து, கை நடுங்கி, நெஞ்சு படபடவென்று அடித்ததற்குக் காரணம் அதுதான். பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருக்காமல், "தைராய்டு முத்தினா கேன்சர்தான்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட, பயத்தில் அத்தை மூன்று வாரம் டாக்டர் பக்கமே போகவில்லை.

அதிகச் சுரப்பு "முத்தி" புற்றுநோய் ஆவதில்லை. தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சுரப்பு சரியாகவே இருக்கும். சுரப்பு அதிகமானவர்களிடம் அது கொஞ்சம் கூடுதலாகத் தென்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதாலும் அது கண்ணில் படலாம்.

கவனிக்க வேண்டியது கழுத்தில் இருக்கும் கட்டியை. கட்டியே ஹார்மோனைச் சுரந்து தள்ளினால் அது "சூடான" கட்டி. அதில் புற்றுநோய் அபூர்வம். சுரக்காத "குளிர்ந்த" கட்டி என்றால் அல்ட்ராசவுண்ட் பார்த்து, தேவைப்பட்டால் ஊசி வைத்துப் பார்ப்பார்கள். அதிலும் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே.

அப்படியானால் எல்லோரும் முன்கூட்டியே கழுத்தை ஸ்கேன் செய்துவிடலாமே?

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கொரியாக்காரர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்கள் ஊரில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. கூடக் கொஞ்சம் காசு கொடுத்தால் கழுத்துக்கும் ஸ்கேன். 2011-ல் தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. ஆனால் அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை! உயிருக்கு ஆபத்தில்லாத குட்டிக் கட்டிகளைத் தேடிப் பிடித்து அறுத்திருக்கிறார்கள். 2014-ல் அங்குள்ள டாக்டர்களே எச்சரித்ததும், ஒரே வருடத்தில் ஆபரேஷன் 35 சதவீதம் குறைந்தது. சப்ளையே டிமாண்டை உண்டாக்கும் என்று வகுப்பில் படித்தது இதுதானோ?

என் கருத்து இதுதான். கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, குரல் மாறினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஒன்றும் இல்லாதபோது ஆஃபருக்காக ஸ்கேன் எடுக்காதீர்கள். அதிகச் சுரப்பைக் கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு பலவீனமாகும். வராத கேன்சருக்குப் பயந்து, வந்த நோயை மூன்று வாரம் வளர்த்தார் அத்தை.

அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். டீ டம்ளர் கையில் ஆடுவதில்லை.

டிஸ்கி: நான் பி.காம். மாணவன், டாக்டர் இல்லை. சந்தேகத்தை டாக்டரிடமே கேளுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் வேண்டாம்!