அலோன்சோ தெரியும், சைமன் சுந்தரராஜ்?

2024-ல சாபி அலோன்சோ லெவர்குசனை ஒரு மேட்ச்கூட தோற்காம பண்டஸ்லிகா ஜெயிக்க வச்சப்போ, ஆவடியில இருந்து வர்ற எங்க காலேஜ் பஸ்ல ஒரு வாரம் வேற பேச்சே இல்லை. போன வாரம் அதே பஸ்ல சைமன் சுந்தரராஜ்னு ஒரு பேரைச் சொன்னேன். "எந்த டிபார்ட்மெண்ட் மச்சி?"ன்னு கேட்டான் ஒருத்தன்.

தமிழ்நாட்டுக்காரர்டா. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் இந்திய டீம்ல இருந்தவர். (நம்ம ஃபுட்பால் டீம் கடைசியா போன ஒலிம்பிக்ஸ் அதுதான்.) அப்புறம் கோச் ஆனார். 1973-ல கேரளா முதல்முறையா சந்தோஷ் டிராஃபி ஜெயிச்சப்போ கோச் இவர்தான். எர்ணாகுளத்துல ஃபைனல், ரயில்வேஸுக்கு எதிரா 3-2. மூணு கோலும் கேப்டன் மணி அடிச்சது.

இங்க நல்லா ஆடுறவனோட அதிகபட்சக் கனவு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை. ஆடி முடிச்சவன் கோச் ஆகலாம், அதுவும் ஒரு கெரியர்தான்னு யாரும் சொல்றதில்லை. எங்க டீமுக்கு நாலு வருஷமா தனி கோச் கிடையாது. ஆனா வருஷா வருஷம் புது ஜெர்சி வந்துடும்! அந்தக் காசைப் போட்டு ஒரு பையனை ஏ.ஐ.எஃப்.எஃப். டி லைசென்ஸ் கோர்ஸுக்கு அனுப்பலாமே. பழைய ஜெர்சி இன்னும் ஒரு சீசன் தாங்கும். என்னோடது அக்குள்ல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.