ஏமாறும் காவலன்



மார்புத் தோலின் அடியில் பொருத்தப்படும் டிஃபிபிரிலேட்டர் என்னும் கருவியை உங்களுள் சிலர் அறிவீர்கள். இதயத் துடிப்பு நிலைகுலைந்து உயிருக்கு ஆபத்து நேருங்கால், அது மின்னதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்குகிறது. போலந்தில் பிறந்த மருத்துவர் மிரோவ்ஸ்கி பல்லாண்டு உழைத்ததன் பயனாக, 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதல் ஒரு மனிதருக்கு இது பொருத்தப்பட்டது.

ஆயினும் இக்காவலனும் சில வேளைகளில் ஏமாறுவதுண்டு. இதயத்தோடு கருவியை இணைக்கும் கம்பி முறிந்தால், அதில் எழும் பொய்க் குறிகளை ஆபத்தென எண்ணி, நலமாயிருப்பவரையே தாக்கும். மெட்ரானிக் நிறுவனத்தின் 'ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ்' கம்பிகள் இவ்வாறு முறிந்தமையால் 2007 அக்டோபரில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 2,68,000 கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. சரிவர எர்த் செய்யப்படாத மோட்டாரின் மின்கசிவும் கருவியை ஏமாற்றக்கூடும். நோணாங்குப்பம் போன்ற ஊர்களில், வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடும் இந்நாளில், இது கவனிக்கத்தக்கது.

நெஞ்சில் திடீரென உதை விழுந்தாற்போன்ற அவ்வதிர்ச்சியைப் பட்டவர், மறுமுறை எப்போது வருமோ என்று அஞ்சி வாழ்கிறார். தனியே குளிக்கவும், திருப்பலிக்கு வரவும் தயங்குகிறார். அவ்வேளையில் "ஏவல்", "சாபம்", "செய்த பாவம்" என்று சுற்றத்தார் பேசுவது எத்துணைக் கொடுமை! பிறவிக் குருடரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர் வினவியபோது, இவரோ இவர் பெற்றோரோ செய்த பாவமன்று என ஆண்டவர் உரைத்ததை மறந்தோமா? கம்பி முறிவது பொருளின் குறை. இறைவனின் தண்டனை அன்று.

அதிர்ச்சி ஒருமுறை வந்து உடல் நலமாயிருப்பின், அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரைத் தொட அஞ்ச வேண்டா. இலேசான சிலிர்ப்பு தோன்றலாமேயன்றித் தீங்கு நேராது. கருவியை அகற்றிவிடுமாறு நீங்களே வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலும் அதன் கணிப்பை மாற்றியமைத்தோ, புதிய கம்பி பொருத்தியோ மருத்துவர் குறையைத் தீர்ப்பர்.

கம்பியைச் சீராக்குதல் மருத்துவரின் பணி. அஞ்சிய நெஞ்சைத் தேற்றுதலோ குடும்பத்தின் கடமை. அவர் கைபிடித்து ஆலயத்துக்கு அழைத்து வருவோம்; இரவில் அவரருகே அமர்ந்து செபிப்போம். நோயுற்றோரின் துணையாம் ஆரோக்கிய அன்னை நம் இல்லங்களைக் காப்பாராக.